பட்டியலில் இல்லாத ஃபோல்டர்

பட்டியலில் இல்லாத ஒரு பெயரில் ஃபோல்டர் இருந்தது.

செங்கம் சாலையின் அந்தச் சின்ன எக்ஸ்ரே நிலையத்தில் கீதாஞ்சலிக்குச் சாயங்கால வேலை இதுதான். நோயாளிகளின் பெயர்கள் எக்செல் தாளில் இருக்கும். பொத்தானை அழுத்தினால் அவள் எழுதிய மேக்ரோ என்ற குட்டி நிரல் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஃபோல்டரை உருவாக்கி, மெஷின் கொட்டி வைத்திருக்கும் படங்களை அதனதன் ஃபோல்டருக்குள் நகர்த்தும். பட்டியலில் இல்லாதவருக்கு எதுவும் செய்யாது. செய்யவும் தெரியாது.

ஃபோல்டரின் பெயர் வல்லரசு. அவள் கணவனின் பெயர்.

வெளியே பௌர்ணமிக் கூட்டம் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவைச் சாத்தியிருந்தும், எண்ணற்ற வெறுங்கால்கள் தார்ச்சாலையில் தேயும் சத்தம், சாக்கிலிருந்து நெல்லை முடிவில்லாமல் சரிப்பதுபோல உள்ளே வந்துகொண்டே இருந்தது. கூடவே கற்பூரப் புகை, வியர்வை, யாரோ மிதித்து நசுக்கிய வாழைப்பழத்தின் புளித்த வாடை.

"ராஜமாணிக்கம் அண்ணே, எங்க வீட்டுக்காரர எப்பனா படம் எடுத்தீங்களா?"

எக்ஸ்ரே அறையிலிருந்து டெக்னீஷியன் தலையை நீட்டினார். "லோடு ஆட்டோவ நம்ம வாசல்ல மறிச்சு நிறுத்துவான், ஒரு டீ வாங்கித் தந்ததில்ல. அவனுக்கு ஓசில எலும்பு வேற பாத்துச் சொல்லணுமா?"

அவள் சிரிக்கவில்லை. ஃபோல்டருக்குள் இருந்த ஒரே படத்தைத் திறந்தாள். ஒரு வலது கை. கருப்பில் மிதக்கும் வெள்ளை விரல்கள். நடுவிரல் பின்பக்கமாக மடிந்திருந்தது.

வல்லரசுக்குப் போன் செய்தாள். எடுத்தான். ஆனால் பேசியது அவளிடம் அல்ல, தன்னைச் சுற்றிக்கொண்ட யாரிடமோ.

"யோவ், கிரிவலப் பாதையில போலீசேதான் வண்டிய உட்டாரு, நான் இன்னாய்யா பண்றது? டேய், கைய உடு! வெரல உடுறா!"

மளுக்.

அவன் அலறினான். போன் எங்கோ விழுந்தது. இணைப்பு அறுபடவில்லை.

"என்னங்க! எங்க இருக்கீங்க?"

திரையில் இரண்டாவது படம் வந்து உட்கார்ந்தது. விலா எலும்புகள், சுள்ளியாக முறிந்து. அதற்கப்புறம்தான் போனில் இரும்புக் குழாய் இறங்கும் சத்தம் கேட்டது.

படம் முதலில். அடி பிறகு.

ராஜமாணிக்கம் ஓடி வந்து போனில் காதை வைத்தார். "மைக்கு சத்தம் கேக்குது பாரு, அக்னி லிங்கத்தாண்டதான். நான் போறேன். நீ போன வெக்காத." கதவு அறைந்து மூடியது.

முழங்கால். சத்தம். தாடை. சத்தம்.

அடுத்த படம் மெதுவாக, மேலிருந்து கீழாக நிரம்பத் தொடங்கியது. மண்டையின் வளைவு. அதில் ஒரு விரிசல், இறங்கிக்கொண்டே. கண்குழி வரை வந்துவிட்டது.

ஃபோல்டரை அழிக்கப் பார்த்தாள். பயன்பாட்டில் இருக்கிறது என்றது கணினி. மறுபடி. மறுபடி. அதே பதில்.

மேக்ரோவைத் திறந்தாள். பழைய நோயாளிகளுக்காக அவள் எழுதி வைத்திருந்த ஒரு வரி அதில் இருந்தது: ஃபோல்டரையும் உள்ளே உள்ள அனைத்தையும் கேள்வி கேட்காமல் அழிப்பது. கணவன் பெயரைத் தட்டினாள். ஓட்டினாள்.

ஃபோல்டர் இல்லை.

போனில் குழாய் இறங்கியது. முறியும் சத்தம் வரவில்லை. பிசைந்த மாவில் அடித்ததுபோல் ஒரு சத்தம். மறுபடியும் அதே.

"டேய்... இன்னாடா இது... கை உள்ள போவுதுடா..."

குழாய் தரையில் விழுந்து உருண்டது. ஓடும் கால்கள். பிறகு வல்லரசின் குரல், குழைந்து, உருவமில்லாமல்.

"கீ...தா. வலிக்கல."

அவள் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். உயிரோடு இருக்கிறான்.

"கைய... தூக்க முடியல கீதா. தல... நிக்கல."

சிரிப்பு நின்றது.

ரீசைக்கிள் பின்னைத் திறந்தாள். காலி. மேக்ரோ அழிப்பது அங்கே வராது. அது அவளுக்குத் தெரியும். எழுதிய நாளிலிருந்தே தெரியும்.

கதவை முதுகால் தள்ளிக்கொண்டு ராஜமாணிக்கம் வந்தார். அவரும் கிரிவலக் கூட்டத்திலிருந்து வந்த மூன்று பேரும், ஆளுக்கொரு முனையாக, ஒரு போர்வையை ஏந்தியிருந்தார்கள். நடுவில் அது தண்ணீர் சுமந்ததுபோல் தொய்ந்து ஆடியது.

எக்ஸ்ரே மேசையில் இறக்கினார்கள். போர்வையின் முனைகளை விட்டார்கள்.

அவன் படுக்கவில்லை. பரவினான்.

சட்டைக்குள்ளிருந்து மேசையின் விளிம்பு வரை. விளிம்பைத் தாண்டி, மெதுவாக, கீழே தொங்கினான். முகம் ஒரு பக்கமாக வழிந்திருந்தது. அதில் இரண்டு கண்கள், இருக்கவே கூடாத தூரத்தில், ஒன்றையொன்று விட்டு விலகி.

இரண்டும் அவளைத் தேடின.

கண்டுபிடித்தன.

சிமிட்டின.