சிவப்புப் பொட்டு வைத்த பீங்கான்கள்

பழிவாங்கத்தான் ஷிரோமி வந்திருந்தாள். அதை அவள் மறைக்கவும் இல்லை. "என் தம்பி ஷேன் ஜெயிலுக்குப் போகணும் சேர். ஆதாரம் தேடித் தாங்க," என்றாள்.

காப்புறுதிக் கம்பனியில் முப்பது வருடம் பொய் கேட்டே ஓய்வுபெற்ற முத்துலிங்கம் நிதானமாக விசாரித்தார். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பும்போது தன் சமையல்காரரான ஷிரோமியின் பாட்டனுக்குக் கொடுத்தது அந்த பிரெஞ்சுப் பீங்கான் செட். மொத்தம் நாற்பத்தெட்டு. நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் வைத்து அயலுக்கு அனுப்பும்போது மாறிவிடாதிருக்க, அம்மா பெற்றீசியா ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புக் கியூட்டெக்ஸ் நகப்பூச்சால் பொட்டு வைத்திருந்தார். இந்த வருடத் தொடக்கத்தில் பெறுமதி பார்க்கவென்று அவை பழம்பொருள் வியாபாரி திருச்செல்வத்தின் கடையில் இரண்டு மாதம் இருந்து திரும்பின. பிறகு அம்மாவின் மருந்துச் செலவுக்கு விற்கக் கேட்டபோது, எல்லாம் போலி, வீட்டில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்றார் திருச்செல்வம். அலுமாரிச் சாவியோ ஷேனிடம். அந்த மாதமே அம்மா இறந்தார்.

"சவப்பெட்டிய தொடக்கூட விடல்ல அவன," என்றாள் ஷிரோமி. அதில் அவளுக்கு இன்னமும் திருப்தி இருந்தது.

முத்துலிங்கம் துப்பறியப் போகுமிடமெல்லாம் கூடவே வரும் அவரது பக்கத்து வீட்டு மஸீனா, அப்போதே ஷேன்தான் கள்ளன் என்று முடிவுகட்டிவிட்டாள். அவளுக்கு எதிலும் அவசரம்.

ஷிரோமியின் அம்மா வாழ்ந்த அம்பிட்டிய வீட்டு அலுமாரியில் நாற்பத்தேழுதான் இருந்தன. மற்றது அயல்வீட்டில். போன நத்தார் கேக்கோடு போனதை வெறுமையாகத் திருப்பக்கூடாதென்று, தீபாவளிப் பலகாரத்துக்காக வைத்திருந்தார்கள். மஸீனா ஓடிப்போய் வாங்கிவந்தாள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அதனூடே விரல் நிழல் தெரிந்தது. அலுமாரியில் இருந்தவற்றில் தெரியவில்லை; அவை போலிதான்.

முத்துலிங்கம் திருச்செல்வத்தை வரவழைத்து, கதிரையில் இருத்தி, அலுமாரிப் பீங்கான் ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினார். அந்தச் சிவப்புப் பொட்டு என்னவென்று கேட்டார்.

"பிரான்ஸ்ல பூ வரைஞ்சவரோட அடையாளம்ங்க. போலி செஞ்சவன் அதையும் விடாம வச்சிருக்கான்."

தொழுகைக்கு முன் நகப்பூச்சை அழிக்க மஸீனாவின் கைப்பையில் எப்போதும் ஒரு போத்தல் இருக்கும். முத்துலிங்கம் அதைக் கேட்டு வாங்கிப் பஞ்சை நனைத்தார். அயல்வீட்டுப் பீங்கானின் பொட்டு பஞ்சோடு வந்துவிட்டது. அலுமாரிப் பீங்கானில் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அது சூளையில் சுட்டது.

"இந்த வீட்டுப் பிள்ளைக்கு இது கியூட்டெக்ஸ்னு தெரியும்," என்றார் முத்துலிங்கம். "ஷேன் மாத்தியிருந்தா ஒரு போத்தல் வாங்கிப் பொட்டு வச்சிருப்பான். பிரெஞ்சு அடையாளம்னு நம்பினவர்தான் சுட்டு ஏத்தினார். செட்டு வெளிய இருந்தது ஒங்க கடையில மட்டுந்தான், திருச்செல்வம்."

திருச்செல்வம் தன் கடைக் களஞ்சியச் சாவியை மேசையில் வைத்தார். அசல் செட் இருபது இலட்சம் பெறும் என்றார் முத்துலிங்கம். ஷிரோமி அதைக் காதில் வாங்கவில்லை. பொலிசுக்கு உடனே அறிவித்தவள் அவள்தான்; திருச்செல்வம் மீதான அந்தப் பழி சுலபமாகத் தீர்ந்தது.

பிறகு ஷேனுக்கு அழைத்தாள். நடந்ததைச் சொல்லி அழுதாள். பீங்கான்களை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடவரும்படி கெஞ்சினாள்.

"அம்மாவத் தூக்க விடல்லயே அக்கா," என்றான் ஷேன். "பீங்கான் தூக்க மட்டும் நான் எதுக்கு?"

அவன் தொலைபேசியை வைத்துவிட்டான்.