சனிக்கிழமை பல்பு

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசல் பல்பைப் போடுவது நினெத்தின் வேலை. வேறு யாரும் அந்த ஸ்விட்சைத் தொடக்கூடாது. அம்மாகூடத் தொடக்கூடாது.

அது சிவப்பு பல்பு. ஷெலா நகரத்தில் சனிக்கிழமையன்று ஒரு வீட்டு வாசலில் சிவப்பு பல்பு எரிந்தால், உள்ளே இலையில் வெந்த தமால் சுடச்சுட இருக்கிறது என்று அர்த்தம். போர்டு எழுத வேண்டாம், கூவி விற்க வேண்டாம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் முனையில் நின்று தெருவை ஒரு பார்வை பார்ப்பார்கள். சிவப்பு தெரிந்தால் நேராக நடந்து வருவார்கள்.

அம்மா ஒதிலியாவுக்கு ஓட்டலில் துணி துவைக்கும் வேலை. விடிவதற்கு முன்னால் போனால் இருட்டிய பிறகுதான் திரும்பி வருவார். வாரத்தில் சனிக்கிழமை ஒருநாள்தான் விடுமுறை. அன்றைக்கு அம்மா சோள மாவைக் காய்ச்சுவார், நினெத் அகலமான இலைகளை ஈரத்துணியால் துடைப்பாள். மாவின் நடுவில் கோழிக்கறியும் தக்காளி மசாலாவும் வைத்து, இலையை மடித்து, நாரால் கட்டுவார்கள். கட்டி முடிக்கும்வரை இருவரும் ஓயாமல் பேசுவார்கள். ஆறு நாள் பேச்சும் அந்த ஒரே நாளில்தான் தீரும்.

நாற்பது தமால் வேகும். ஏழு மணிக்குப் பானை காலியாகிவிடும்.

பக்கத்துக் கட்டடத்தில் 'லூமி' போன் கடை திறந்த வாரத்தில்தான் எல்லாம் மாறியது.

லூமிக்கு எல்லாமே சிவப்பு. சுவர் சிவப்பு, கதவு சிவப்பு, உள்ளே நின்ற விற்பனைப் பையன் எல்மெரின் சட்டையும் சிவப்பு. வாசலுக்கு மேலே கட்டில் நீளத்துக்கு ஒரு போர்டு. மாலை ஐந்து மணிக்கு அது தானாக எரியும். எரிந்தால் எதிர்வீட்டு வெள்ளைப் பூனைகூடச் சிவப்பாகத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை எட்டுத் தமால்தான் விற்றது.

"நம்ம பல்பு யார் கண்ணுக்கும் தெரியலம்மா. அந்தப் போர்டு முழுங்கிடுச்சு" என்றாள் நினெத்.

அடுத்த சனிக்கிழமை ஒரு யோசனை செய்தாள். சிவப்பைக் கழற்றிவிட்டுப் பச்சை பல்பு போட்டாள். பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. ஒரு பெண் வேகவேகமாக வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"காய்ச்சல் மாத்திரை இருக்கா?"

"இது மருந்துக்கடை இல்லீங்க. தமால்."

"பச்சை லைட்ல தமாலா?" அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டாள்.

அன்று மூன்றே மூன்று.

பானையைக் கழுவும்போது அம்மா சொன்னார்: "கண்ணு, ஓட்டல்ல சனிக்கிழமையும் வரச் சொல்றாங்க. இந்தத் திங்க இல்ல, அடுத்த திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

"வர மாட்டேன்னு சொல்லிடும்மா."

"தமால் வித்தா சொல்லலாம். விக்கலன்னா என்ன செய்யறது?"

நினெத் பச்சை பல்பைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை ரொட்டிக் கடையில் டாக்ஸி ஓட்டும் தோன் ஃபிதேல் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"உங்கம்மா தமால் போடறத நிறுத்திட்டாங்களாமே! வீட்டையும் போன் கம்பெனிக்குக் குடுத்துட்டீங்களாம். பாவம், இனிமே சனிக்கிழமை நான் என்னத்தச் சாப்பிடறது?"

"யார் சொன்னது? நாங்க அங்கேயேதான் இருக்கோம்!"

"கதவுல எழுதி ஒட்டியிருக்கே!"

"அது எங்க கதவு இல்ல, தோன் ஃபிதேல். எங்க வீடு அதுக்குப் பக்கத்துல. நீங்க அஞ்சு வருஷமா வர்றீங்க!"

"பல்பைப் பார்த்து வருவேன். வீட்டை யார் பார்த்தா?"

நினெத் ரொட்டிப் பையோடு ஒரே ஓட்டமாகப் போன் கடைக்குப் போனாள். கண்ணாடிக் கதவில் கொட்டை எழுத்தில் ஒரு தாள்: 'இங்கே தமால் விற்பதில்லை.'

"தோன் எல்மெர், இதை நீங்களா எழுதினீங்க?"

"பெரியவங்களைக் கூப்பிடற மாதிரி தோன்னெல்லாம் கூப்பிடாத, எனக்கு இருபத்திரண்டு வயசுதான் ஆகுது" என்றான் எல்மெர். "ஆமா, நான்தான். கடை திறந்த முதல் சனிக்கிழமை இருபத்தேழு பேர் வந்து தமால் கேட்டாங்க. எல்லாருக்கும் இங்கே இல்லன்னு சொல்றதுக்குள்ள தொண்டை வத்திப்போச்சு. ஒருத்தர், லைட்டப் போட்டு ஏமாத்தறியான்னு சண்டைக்கே வந்துட்டாரு."

"அந்தத் தாளைப் படிச்சிட்டு, நாங்க கடையை மூடிட்டோம்னு நினைச்சுக்கிட்டாங்க."

எல்மெரின் முகம் வாடியது. உடனே தாளைக் கிழித்தெடுத்தான்.

"சனிக்கிழமை மட்டும் போர்டை அணைச்சு வைக்க முடியுமா?" என்று நினெத் கேட்டாள்.

"தினமும் ஆறு மணிக்குக் கடையைப் படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பணும். போர்டு எரியலன்னா என் வேலை போயிடும்."

நினெத் அதற்கு மேல் கேட்கவில்லை. சனிக்கிழமை அவளுக்கு அம்மா வேண்டும்தான். ஆனால் எல்மெருக்கும் வேலை வேண்டுமே.

மூன்றாவது சனிக்கிழமை வந்தது. ஐந்து மணிக்குச் சிவப்பு பல்பைப் போட்டுவிட்டு, நினெத் எதிர்ப்பக்கம் போய் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தாள். என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட முடிவு செய்திருந்தாள்.

கூடையோடு ஒருவர் முனையில் திரும்பினார். போர்டைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்தது. நேராக நடந்து வந்து போன் கடைப் படியில் நின்றார். உள்ளே போன்களைக் கண்டதும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார், யாராவது கவனித்துவிட்டார்களோ என்று. பிறகு ஏதோ அவசர வேலை இருப்பதுபோல வந்த வழியே திரும்பிவிட்டார்.

அடுத்து ஒரு அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். அதே படி, அதே திகைப்பு, அதே அவசரம். அப்புறம் ஒரு கிழவர். அவரும் அப்படியே. யாரும் தலையை இடது பக்கம் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் நாலு அடி தள்ளி அம்மா ஜன்னலில் நிற்பது தெரிந்திருக்கும்.

நினெத் சட்டென்று எழுந்தாள். தெருவைத் தாண்டி வீட்டுக்குள் ஓடினாள்.

"அம்மா, பானையை வெளியே எடுத்துட்டு வா! மேசையை நான் தூக்கறேன்!"

"எங்கேடி?"

"போன் கடைப் படிக்குப் பக்கத்துல."

"அடுத்தவங்க கடை வாசல்ல போய்க் கடை போடறதா? நல்லா இருக்கா?"

"அவங்க கால் சரியாத்தான் வருதும்மா. நாமதான் நாலு அடி தள்ளி நிக்கறோம்."

அம்மா அவளையே பார்த்தார். பிறகு கைக்குத் துணி சுற்றிப் பானையைத் தூக்கினார்.

அதற்குள் நினெத் எல்மெரிடம் போய்விட்டாள். "உங்க போர்டுக்குக் கீழ மேசை போட்டுக்கட்டுமா? அப்புறம் உங்களை யாரும் தமால் கேக்க மாட்டாங்க."

"ஒருத்தர்கூடக் கேக்க மாட்டாங்களா?"

"ஒருத்தர்கூட."

"கதவை மறைக்காம போட்டுக்கோ" என்றான் எல்மெர். அவனே வந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்தான்.

மூடியைத் திறந்ததும் ஆவி குபுகுபுவென்று மேலே போனது. போர்டு வெளிச்சத்தில் அந்த ஆவியும் சிவந்தது. முனையில் திரும்பிய முதல் ஆளே வேகமாக நடக்க ஆரம்பித்தார். படிக்கு வந்தவர் திகைக்கவில்லை, திரும்பவில்லை.

"ஆறு குடுங்க, தோன்யா ஒதி. எங்கே போயிருந்தீங்க ரெண்டு வாரமா?"

"எங்கேயும் போகலீங்க" என்றார் அம்மா. "இங்கேயேதான் நின்னேன்."

ஆறு மணிக்குப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். எல்மெர் படம் எடுத்து அனுப்பினான். பத்து நிமிடத்தில் அவன் போன் அடித்தது.

"மேனேஜர்!" என்றான். அவசரத்தில் பொத்தான் மாறி, பேச்சு எல்லோருக்கும் கேட்டது.

"எல்மெர், படத்துல ஒரு கூட்டம் தெரியுதே. என்னப்பா அது?"

எல்மெர் நினெத்தைப் பார்த்தான். நினெத் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"தமால் வாங்க வந்தவங்க சார்" என்றான் எல்மெர் உள்ளதை உள்ளபடி. "நம்ம போர்டு சிவப்பா இருக்கறதால இங்கேதான் வர்றாங்க. அதனால பக்கத்து வீட்டம்மா போர்டுக்குக் கீழேயே விக்கறாங்க."

வரிசையில் நின்றவர்களும் மூச்சுவிடாமல் கேட்டார்கள்.

"கறுப்பா, சிவப்பா?" என்று கேட்டார் மேனேஜர்.

"சார்?"

"தமால்டா! இனிப்புக் கறுப்பு தமாலா, தக்காளி போட்ட சிவப்பு தமாலா?"

"சிவப்பு, சார். கோழி போட்டது."

"நாலு எடுத்து வை. எட்டு மணிக்கு வர்றேன். அந்தம்மாகிட்ட சொல்லு, அடுத்த வாரம் நம்ம பேர் போட்ட சிவப்பு மேசைத்துணி அனுப்பறேன், அதை விரிச்சுக்கட்டும்."

அம்மா போன் பக்கம் குனிந்தார். "துணி எங்கிட்ட இருக்குங்க. நீங்க போர்டை அணைக்காம இருந்தா போதும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அப்போது ஒரு பெண் கையில் தமால் பொட்டலத்தோடு கண்ணாடிக் கதவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அட, இங்கே போனும் விக்கறீங்களா?"

எல்மெர் அவளுக்குக் கதவை அகலமாகத் திறந்துவிட்டான்.

ஏழு மணிக்கு அம்மா பானையின் அடியைக் கரண்டியால் தட்டிப் பார்த்தார். மேனேஜருக்கான நாலு பொட்டலம் எல்மெரிடம் பத்திரமாக இருந்தது. பானைக்குள் இலைக்கட்டு ஒன்றுகூட இல்லை.

மேசையை உள்ளே கொண்டுவந்து போட்டதும், அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போன் செய்தார். நினெத் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"திங்கக்கிழமை வரைக்கும் எதுக்குங்க, இப்பவே சொல்லிடறேன். சனிக்கிழமை வர முடியாது. வீட்ல எனக்கு வேலை இருக்கு."

போனை வைத்ததும் நினெத் கேட்டாள்: "அம்மா, பசிக்குது. நமக்குத் தமால்?"

இருவரும் ஒரே சமயத்தில் காலிப் பானையைப் பார்த்தார்கள்.

அன்று ராத்திரி அம்மாவும் மகளும் முட்டை பொரித்து ரொட்டியோடு சாப்பிட்டார்கள், பேசிக்கொண்டே.