சுண்டச் சுண்டப் பொறாமை

போன் அலறியது.

லட்சுமணசாமி எடுத்தார். சிங்காநல்லூரில் அவர் நடத்தும் பரிசோதனைக்கூடத்துக்கு அதுவரை போலீஸ் வந்ததே இல்லை. அந்தப் பெருமை இன்றோடு சரி.

"சார்... ரவிதேஜா பேசறேனுங்க... நைட்ரஜன் ரூம்ல இருக்கேன்... கண்ணு எரியுதுங்க... தொண்டையெல்லாம் எரியுது... மூச்சு முட்டுதுங்க சார்... எல்லாம் அந்த ஹுமேரா மெசினு... காப்பாத்துங்க...!"

கட்!

கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது. அதைத் துடைக்க யாருக்கு நேரம்? ஓடினார்!

வழியில் ஹுமேரா வந்தாள். ரவியைப் போலவே அங்கே வேலை பார்க்கும் கெமிஸ்ட். கையெல்லாம் மஞ்சள் தூள்.

"என்னாச்சுங்க சார்?"

"நைட்ரஜன் ரூம்ல ரவி... வாங்க அம்மணி!"

பின்பக்கத்துக் குட்டி அறை. கதவைத் தள்ளினார்கள்.

உஸ்ஸ்ஸ்ஸ்...!

காதைக் கிழிக்கிற சத்தம். தரையில் ரவிதேஜா குப்புறக் கிடந்தான். அசைவில்லை.

லட்சுமணசாமி உள்ளே பாயப் பார்த்தார். பாய விடவில்லை ஹுமேரா. சட்டையைப் பிடித்து இழுத்தாள்!

"உள்ள போகாதீங்க சார்!"

"பையன் சாகறானுங்க அம்மணி... உடுங்க!"

"போனா நீங்களும் சேந்து உழுவீங்க... நில்லுங்க!"

கொல்லைப்புறம் ஓடினாள். அங்கே நின்ற நைட்ரஜன் சிலிண்டர்களை மூடினாள். ஜன்னல்களை வெளியிலிருந்தே திறந்துவிட்டாள். அணைந்து கிடந்த எக்ஸாஸ்ட் ஃபேனை வெளிச் சுவிட்சில் போட்டாள். அதன்பிறகுதான் ரவியை இழுத்து வெளியே போட்டார்கள்.

ஆம்புலன்ஸ் திருச்சி ரோட்டில் கத்திக்கொண்டு போனது. பிழைப்பானா? டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

பரிசோதனைக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் ராசப்பன் வந்தார். பெருத்த உடம்பு, மெல்லிய குரல். தூக்கில் போடுவதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் போடுவார்.

"ஏனுங்க அம்மணி... அந்தப் பையனை ஏனுங்க கொல்லப் பாத்தீங்க?"

ஹுமேராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யா அல்லா! நானா?"

"மெசின்ல இருந்து நைட்ரஜன் ட்யூப்பை யாரோ புடுங்கி உட்டுருக்காங்க. ஃபேனை அணைச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி அரை மணி நேரமா நீங்க எங்கீங்க?"

"ஸ்டோர் ரூம்ல மஞ்சள் அரைச்சுட்டு இருந்தேனுங்க."

"கூட யாரு?"

"யாருமில்லீங்க..."

"காப்பாத்தப் போன மனுசனையும் புடிச்சு இழுத்திருக்கீங்க. சரிங்களா சார்?"

லட்சுமணசாமி தலையைக் குனிந்துகொண்டார். "இழுத்தாங்க. அது நெசந்தானுங்க."

"ரெண்டு பேருக்கும் என்னங்க பகை?"

"மெசினுங்க!" என்றார் லட்சுமணசாமி.

ராசப்பனுக்குப் புரியவில்லை. ஹுமேரா மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்.

"சத்தியமங்கலத்து மஞ்சள், வால்பாறைத் தேயிலை எல்லாம் இங்க வருதுங்க. பூச்சிமருந்து கலந்திருக்கான்னு பாக்கணும். சால்வெண்ட்னு ஒரு திரவத்துல ஊற வெச்சு மருந்தைப் பிரிப்போம். அப்பறம் அந்தச் சால்வெண்ட்டைச் சுண்ட வெக்கணும். சுண்டுனாத்தான் துளி மருந்தும் கணக்குல தெரியும்."

"ரசம் சுண்டற மாதிரிங்களா?"

"அப்படித்தானுங்க. ஆனா கொதிக்க உட்டா மருந்தும் சேந்து பறந்துரும். பதமா சுண்டணும். ரவி கேட்டது ரோட்டரி. ஒரு பெரிய குடுவை சுத்திட்டே இருக்கும், வேக்குவம் இழுக்கும். ஒரு நேரத்துக்கு ஒரே சாம்பிள். நான் கேட்டது நைட்ரஜன். இருபத்தினாலு சின்னக் குழாய்ங்க. ஒவ்வொண்ணு மேலயும் நைட்ரஜனை மெல்ல ஊதுனாப் போதும்."

"எதுங்க ஒசத்தி?"

"நைட்ரஜன்தான்!"

விசாரணைக்கு நடுவிலும் விட்டுக்கொடுக்கவில்லை, புண்ணியவதி!

"ஒண்ணைத்தான் வாங்க முடியும்" என்றார் லட்சுமணசாமி. "கிணத்துக்கடவுல புது லேப் தொறக்கறமுங்க. எந்த மெசினை வாங்கறமோ, அதைக் கேட்டவங்கதான் அங்க ஹெட்டுன்னு வாயை உட்டுப்போட்டேன். ரெண்டு டெமோ மெசினும் ஒரு வாரமா ஓடுது. அன்னியிலிருந்து இவங்க ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசிக்கறதில்லீங்க."

உண்மைதான். அவன் குடுவை சுற்றும் சத்தம் கேட்டாலே இவளுக்கு வயிறு எரியும். இவள் குழிக்குழியான தட்டில் குழாய்களை அடுக்கினால் அவன் எட்டிப் பார்ப்பான். 'பணியாரம் வெந்துருச்சுங்களா?' என்பான். அவனை அப்படியே குடுவைக்குள் போட்டுச் சுற்றவேண்டும் என்று அவள் நினைத்ததுண்டு. நினைப்புக்கெல்லாம் கேஸ் போட்டால் ஊரில் யாரும் மிஞ்சமாட்டார்கள்.

"அப்ப பொறாமைல செஞ்சுபோட்டீங்க. ஸ்டேசனுக்குப் போலாமுங்களா?"

ஹுமேராவுக்குப் புது லேப் போனது. வேலையும் போனது. இனி ஜெயில்!

"ரவி போன்ல சொன்னதையாவது கேளுங்க சார்" என்றார் லட்சுமணசாமி. "என்ற போன்ல எல்லாக் காலும் ரெக்கார்ட் ஆகுமுங்க."

போட்டார்.

'கண்ணு எரியுதுங்க... தொண்டையெல்லாம் எரியுது...'

ஹுமேரா நிமிர்ந்தாள்.

"இன்னொருக்கா போடுங்க சார்!"

'கண்ணு எரியுதுங்க... மூச்சு முட்டுதுங்க...'

சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். ராசப்பன் பயந்துவிட்டார்.

"என்னங்க அம்மணி?"

"நைட்ரஜன் எரியாதுங்க! இப்ப நீங்க இழுக்கற காத்துல முக்காவாசிக்கு மேல அதுதான். எரியுதுங்களா?"

"இல்லீங்களே."

"வாசம் கெடையாது. எரிச்சல் கெடையாது. ரூம் முழுக்க ரொம்பி, ஆக்ஸிஜன் கொறைஞ்சுபோனா, மூச்சு முட்டறதுகூடத் தெரியாது. ரெண்டு மூச்சு இழுப்போம், பொத்துனு உழுவோம். போன் பண்ணி இவ்வளவு வசனம் பேச முடியாதுங்க! சாரும் அப்படி உழுந்துருவாருன்னுதான் உள்ள உடலை."

ராசப்பன் போனைக் காதோடு ஒட்டிக் கேட்டார். முகம் மாறியது.

"கதவைத் தொறந்தப்ப எப்படிங்க சத்தம் இருந்துச்சு?"

"காதே கிழிஞ்சுருச்சுங்க" என்றார் லட்சுமணசாமி.

"இதுல ஒரு காக்காதானுங்க கத்துது. உஸ்ஸையே காணோம்! பையன் வெளிய நின்னு பேசிப்போட்டு அப்பறம் உள்ள போயிருக்கான்."

"ட்யூப்பைப் புடுங்குனதும் அவனா?" என்றார் லட்சுமணசாமி.

"அவனேதானுங்க!"

ராசப்பன் ஹுமேரா பக்கம் திரும்பினார். "ஒரு கெமிஸ்ட்டுக்கு இதுகூடவா தெரியாதுங்க?"

"போன வாரம் நைட்ரஜன் பாதுகாப்புக்குக் கிளாஸ் எடுத்தேனுங்க. எல்லாரும் வந்தாங்க. அவரு மட்டும் வரலை... நான் எடுக்கறேன்னு!"

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ரவிதேஜா கண் விழித்தான். கட்டிலைச் சுற்றி மூன்று பேர். அதில் ஒரு காக்கிச் சட்டை. மறைக்கத் தெம்பில்லை அவனுக்கு.

"காத்துதானேன்னு நெனைச்சேனுங்க... தொறந்து உட்டுப்போட்டு, போன் பண்ணிட்டு, மயக்கம் மாதிரி படுத்துக்கலாம்னு உள்ள போனேன். அப்பறம் ஒண்ணும் தெரியலீங்க. மெசினு ஆபத்துன்னு ஆயிட்டா, பழி ஹுமேரா மேல போயிரும்... அவங்களுக்கு ஹெட் போஸ்ட்டும் கெடைக்காதுன்னு..."

"ஏன் கண்ணு?" என்றார் லட்சுமணசாமி.

"இருபத்தினாலு குழாய், இருபத்தினாலு குழாய்னு லேப்பே அவங்களைத்தானுங்க புகழுது. தாங்க முடியலீங்க சார்!"

லட்சுமணசாமி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட பாவி... நேத்தே முடிவு பண்ணிப்போட்டேன்டா! கிணத்துக்கடவுல தோப்புக் கிணத்துத் தண்ணி சாம்பிள்தான் நெறைய வரும். ஒவ்வொண்ணுக்கும் சொம்பு சொம்பா சால்வெண்ட். சின்னக் குழாய்ல அது என்னிக்குச் சுண்டறது? உன்ற ரோட்டரியைத்தான் எடுத்தேன். நீதான் ஹெட்டுன்னு இன்னிக்கு மத்தியானம் சொல்லலாம்னு இருந்தேன்!"

ரவிதேஜா தலையணையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

லட்சுமணசாமி திரும்பினார்.

"இனி நீங்கதான் அம்மணி கிணத்துக்கடவு ஹெட்டு. ரோட்டரியைப் பத்தரமாப் பாத்துக்குங்க."

பழி நீங்கி, ஜெயில் தப்பி, பதவியும் வந்தாயிற்று. சந்தோஷப்பட வேண்டியதுதானே?

ஹுமேரா எழுந்தாள். முகம் சிவந்தது. கட்டிலில் கிடந்தவனை எரித்துவிடுவது போல் பார்த்தாள்.

"ரோட்டரியா?! என்ற நைட்ரஜன்ல என்னங்க சார் கொறைச்சல்?"

ராசப்பன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சார்... இந்த அம்மணியையும் இப்பவே ஜீப்புல ஏத்திக்கட்டுங்களா? டீசல் விக்கற வெலைக்கு, ரெண்டாவது தடவை வர முடியாதுங்க!"