பத்தாவது அடியில் கட்

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், நாற்பது நொடியில் வெட்டி வைத்த ஷாட் ஐம்பத்தொரு நொடி காட்டியது.

ஜெயப்பிரகாஷ் கண்ணைக் கசக்கிக்கொண்டான். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில் இருந்தது அவனுடைய எடிட்டிங் அறை. வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டு பத்தாவது படியில் சடாரென்று திரும்பும். கைப்பிடி கிடையாது, நேரே காலை வைத்தால் தெருதான். பட்டப்பகல் என்றாலும் ஜன்னலில் கறுப்புத் துணி அடித்திருந்ததால் உள்ளே கம்ப்யூட்டர் வெளிச்சம் மட்டும். எங்கிருந்தோ ஈரச் சுண்ணாம்பு வாடை வேறு அடித்தது.

அவன் எடுத்தது ஒரு திகில் குறும்படம். முதல் காட்சியிலேயே பார்க்கிறவனுக்கு மூச்சு நின்றுவிட வேண்டும் என்று அப்படி ஒரு பிடிவாதம்! அரியலூர் பக்கம் தண்ணீர் நிரம்பிய, கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரி. கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவன் அதன் விளிம்பை நோக்கி நடக்கிறான். கேமரா முதுகுக்குப் பின்னால். முகம் தெரியக் கூடாது, இசை கூடாது, சரளைக்கல்லில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்க வேண்டும். நடித்தவன் சிநேகிதன் அருள்முருகன். போனது அவர்கள் இரண்டு பேர்தான்.

"பத்தாவது அடியில கட் சொல்லுவேன், நின்னுடு."

"நீங்க சொன்னா நிக்கப் போறேன், அவ்ளோதானேண்ணே?"

பத்தாவது அடி வந்தது. ஷாட் அவ்வளவு அழகாக அமைந்திருந்தது. பாவி ஜெயப்பிரகாஷுக்கு நிறுத்த மனசு வரவில்லை. இன்னும் ஒரே ஒரு அடி, இன்னும் ஒன்று என்று பார்த்துக்கொண்டே நின்றான். பதினைந்தாவது அடிக்குத் தரை இல்லை.

கட் சொன்னேன், அவன் காதில் வாங்கவில்லை என்று ஊரையே நம்பவைத்தாயிற்று. இப்போது அருளின் மனைவி ஜெயசுதா வந்துகொண்டிருக்கிறாள். "கடைசியா அவரு நடந்தத ஒரு தடவ பாத்துக்கறேண்ணே" என்று போனில் அழுதாள். அதற்காகத்தான் இந்த வெட்டு வேலை. பத்தாவது அடிக்கு மேல் இருப்பது அவள் கண்ணில் படக் கூடாது.

மறுபடி வெட்டினான். ஓடவிட்டான். பத்து. பதினொன்று. செருப்புச் சத்தம் நிற்கவில்லை. பதினைந்து. அருள் விழவில்லை. சத்தம் மட்டும் மாறியது. சதக். சதக்.

பயத்தை மென்று விழுங்கிக்கொண்டு மைக்கை இழுத்தான். அன்று சொல்லாததை இன்று பதிவு செய்து ஒட்டிவிட்டால் முடிந்தது.

"கட்!"

திரையில் அருள் நின்றான்.

திரும்பினான். கண்ணில் அதே கறுப்புத் துணி. குரல் வந்த திக்கில் நடந்து வந்தான். நெருங்கினான். இன்னும் நெருங்கினான். துணி திரை முழுக்க அடைத்தது. ஒரே கறுப்பு.

கறுப்பு மெல்ல விலகியது. அதே துணிதான். ஆனால் முடிச்சு ஒரு பெண்ணின் பின்னந்தலையில் இருந்தது. ஈரம் சொட்டியது. ஜெயசுதா. கேமரா அவள் முதுகுக்குப் பின்னால்.

அவள் ஏறிக்கொண்டிருந்தது அவனுடைய எடிட்டிங் அறைப் படி.

செருப்புச் சத்தம் திரையிலும் கேட்டது. வெளியிலும் கேட்டது. ஆறு. ஏழு.

ஜில்லென்று ஒரு கை தோளில் விழுந்தது. பின்னாலிருந்து அருளின் குரல்.

"இப்பவாவது கட் சொல்லுங்கண்ணே."

எட்டு.

ஜெயப்பிரகாஷ் வாயைத் திறந்தான். தொண்டை முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீர்.

ஒன்பது.

பத்து.