வெயில் படாத இடம்

மாலை நான்கு மணி. மேல்வீட்டுக்காரர் தன்னிடமிருந்த உபரிச் சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளினார். உள்ளேயிருந்து குபீரென்று காற்று வந்து முகத்தில் அடித்தது. பசை வாசனையும் தோல் வாசனையும் கலந்த காற்று. அடுத்த நொடி அவர் கண்ணில் பட்டது இரண்டு கால்கள்.

விமானத்தக்கா தரையில் மல்லாந்து கிடந்தார். தோல் தைக்கும் மெஷினின் இரும்பு விளிம்புக்குக் கீழே தலை. கொஞ்சம் தள்ளி ஒரு முக்காலி கவிழ்ந்து கிடந்தது.

"ஐயோ, அத்தை!"

பின்னால் நின்ற மருமகன் மேல்வீட்டுக்காரரை ஒதுக்கிவிட்டு உள்ளே பாய்ந்தான். உடலைத் தாண்டி நேரே ஜன்னலுக்குப் போனான். "மூச்சு முட்டுது, காத்து வரட்டும்" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றான். பிறகுதான் திரும்பி வந்து மண்டியிட்டு அவர் கையைத் தொட்டான்.

"ஜில்லுனு இருக்கு சார்..."

மேல்வீட்டுக்காரர் வாசலை விட்டு நகரவில்லை.

விமானத்தக்கா என்பது தெருவில் எல்லாரும் வைத்த பெயர். இளமையில் விமானப் பணிப்பெண்ணாக ஊர் ஊராகப் பறந்தவர். போன இடத்திலெல்லாம் பழைய கைப்பைகளை வாங்கி வருவார். பெரிய பெரிய வடிவமைப்பாளர்கள் செய்து, யாரோ பணக்காரிகள் அலுத்துப்போய் விற்ற தோல்பைகள். ஓய்வு பெற்றதும் முன்னறையைப் பட்டறையாக்கி, அவற்றுக்கு மறுபிறவி கொடுப்பதையே பொழுதுபோக்காக வைத்துக்கொண்டார். தையல் பிரிந்ததைத் தைப்பார், வெளுத்ததற்குச் சாயம் ஏற்றுவார், உள்ளே கிழிந்த லைனிங் துணியை மாற்றுவார். மகளைக் கட்டிக்கொடுத்த இடமும் பொருத்தமாகவே அமைந்தது. மருமகன் பழைய உயர்ரகப் பைகளை விற்கும் கடை நடத்துகிறான். "எங்க அத்தை கைபட்ட பை" என்று அவன் சொன்னால், வாங்குகிறவர்கள் மறுகேள்வி கேட்க மாட்டார்கள்.

ஐந்தரை மணிக்குப் பல் டாக்டர் வந்தபோது வாசலில் போலீஸ் நின்றது.

டாக்டருக்கு நாற்பத்தைந்து வயது. பகலெல்லாம் பல்லைக் குடைவார். மிச்ச நேரத்தில் அதே கையால் அக்காவோடு உட்கார்ந்து பைகளைச் சீராக்குவார். சும்மா இருக்கத் தெரியாத விரல்கள் அவருக்கு. அன்று அந்த விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கின, பிரித்தன, மறுபடி முறுக்கின.

"நீங்க யாரு மேடம்?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"சிநேகிதி. சாயங்காலம் வரச் சொல்லியிருந்தாங்க."

"எதுக்கு?"

"நேத்து போன்ல, 'ஒரு பையோட வயித்தைக் கிழிச்சுப் பார்த்தேன், உள்ள வேற கதை ஓடுது, வந்தா காட்டறேன்'னாங்க. 'அதுக்கு முன்னாடி சொல்ல வேண்டிய ஆள்கிட்ட சொல்லிடறேன்'னும் சொன்னாங்க."

"யாரு அந்த ஆள்?"

"சொல்லலை. இன்னைக்குக் காலையில எட்டரை மணி வாக்குல ஒரு போட்டோ மட்டும் அனுப்பினாங்க." டாக்டர் போனை நீட்டினார். ஜன்னல் திட்டில், இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு புதுத்தோல் துண்டு. மாசு மருவில்லாத வெளிர் நிறம். கீழே அக்கா எழுதியிருந்தார்: 'இப்பதான் வெட்டினேன். மதியத்துக்குள்ள மாநிறமாயிடுவா.'

இன்ஸ்பெக்டர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "வழுக்கி விழுந்திருக்காங்க. மேல் தட்டுல இருக்கற பையை எடுக்க முக்காலியில ஏறி, தவறி, தலை மெஷின்ல பட்டிருக்கு. உயிர் போனது காலையிலேயேன்னு சொல்றாங்க."

டாக்டர் மேல் தட்டைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். பிறகு கதவுக்குப் பின்னால் போய், நுனியில் கொக்கி வைத்த நீளக்கழி ஒன்றை எடுத்து வந்தார்.

"அக்காவுக்கு முழங்கால் மாத்து ஆபரேஷன் ஆகியிருக்கு சார். படி ஏறவே திணறுவாங்க. மேல இருக்கற பையை இந்தக் கொக்கியிலதான் இறக்குவாங்க. முக்காலி, வர்றவங்க உட்கார."

இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. "அப்ப யாரோ கவிழ்த்து வெச்சிருக்காங்க."

"அப்படித்தான் தோணுது."

சொன்ன பிறகுதான் அதன் விளைவு டாக்டருக்குப் புரிந்தது. இன்ஸ்பெக்டர் சட்டென்று மேல்வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?"

"ஆமா. அவசரத்துக்குன்னு குடுத்து வெச்சிருந்தாங்க."

"போன வாரம் சண்டை போட்டீங்களாமே?"

"சண்டையா? சுத்தியல் சத்தம் தாங்கலைம்மா, மத்தியானமாவது கொஞ்சம் நிறுத்துங்கன்னேன். அதுக்குப் போயி..." அவர் குரல் உடைந்தது. "சார், கதவை இழுத்தா தானா பூட்டிக்கும். யாரு வேணா வந்துட்டுப் போயிருக்கலாமே!"

"அதையும் பாக்கறோம். ஊரை விட்டுப் போகாதீங்க."

மருமகன் சுவரோரமாக நின்றிருந்தான். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய மடக்கு லென்ஸை, அதன் வெள்ளி மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். டிக், டிக். தையலையும் முத்திரையையும் பார்க்க அவன் எப்போதும் வைத்திருப்பது. அவன் மனைவி, விமானத்தக்காவின் ஒரே மகள், சோபாவில் பேச்சற்று உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எப்படி வந்தீங்க?" என்று அவனிடம் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அம்மா போன் எடுக்கலைன்னு இவதான் பதறினா. நான் போய்ப் பாக்கறேன்னு கிளம்பி வந்தேன். பெல் அடிச்சேன், பதில் இல்லை. மாடிக்குப் போயி சாரைக் கூப்பிட்டேன்."

டாக்டரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு அறையைச் சுற்றினார். மேஜை மேல் ஒரு பைக்குரிய லைனிங் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது; கருஞ்சிவப்புத் துணி. ஜன்னல் திட்டில் அந்தத் தோல் துண்டு. காலையில் வெளுப்பாக இருந்தது இப்போது தேன் நிறத்தில் இருந்தது. நடுவில் மட்டும் தேமல் போல வெளிறிய ஒரு திட்டு. அதிலிருந்து கோணல்மாணலாக ஒரு மெல்லிய கோடு. வெளியே வெளிச்சம் மங்கிவிட்டதால் சரியாகத் தெரியவில்லை. பசை சிந்திவிட்டது போலும், அக்கா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தார்.

மறுநாள் காலை கிளினிக்கில் அவருக்கு எதுவும் ஓடவில்லை. ஓர் அப்பாவி மனுஷனை நம் வாயாலேயே மாட்டிவிட்டோமே என்ற குடைச்சல். சொத்தைப் பல் அம்மாள் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்தார். வெயிலில் அலைகிற வேலை போலிருக்கிறது. கை முழுக்கக் கறுத்திருந்தது. கடிகாரம் இருந்த இடத்தில் மட்டும் பட்டையும் வட்டமுமாக வெள்ளைத்தோல்.

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது.

"என்னாச்சு டாக்டர்? பல்லை எடுக்கணுமா?"

"பல்லுக்கு ஒண்ணுமில்லம்மா. இந்தப் பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருங்க. என் உதவி டாக்டர் வந்து அடைச்சு விடுவாங்க."

"எவ்ளோ நேரம் கடிக்கணும்?" என்று பஞ்சோடு அந்த அம்மாள் கேட்டபோது டாக்டர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

முற்பகலில் பட்டறை திறக்கப்பட்டது; முந்தின இரவு போலீஸ் சாத்திவிட்டுப் போன ஜன்னலின் மரக்கதவுகளையும் திறந்தார்கள். கிழக்குப் பார்த்த ஜன்னல் வழியாக வெயில் வந்து திட்டை நிறைத்தது. டாக்டர் முதலில் தோல் துண்டைத் தொடவில்லை. கருஞ்சிவப்பு லைனிங்கை எடுத்து, அறையிலிருந்த ஒவ்வொரு பைக்குள்ளும் வைத்துப் பார்த்தார். ஒன்றுக்குப் பெரிதாக இருந்தது, ஒன்றுக்குச் சிறிதாக இருந்தது. எதிலும் பொருந்தவில்லை.

"என்ன மேடம் செய்யறீங்க?" இன்ஸ்பெக்டர் பொறுமையிழந்தார். "மேல்வீட்டு ஆளை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போக வண்டி வந்து நிக்குது."

"வண்டி நிக்கட்டும் சார். ஆளை மாத்திக்கலாம். மருமகனைக் கூப்பிடுங்க."

அவன் வந்தான். மகளும் மேல்வீட்டுக்காரரும் வாசல் பக்கம் நின்றார்கள்.

"நேத்து காலையில எங்க இருந்தீங்க தம்பி?"

"கடையில."

"யார் கூட?"

"தனியாத்தான். மத்தியானம் வரைக்கும் கடை திறக்கலை. உள்ள சரக்கு ஒதுக்கிட்டிருந்தேன்."

"இங்க எப்ப வந்தீங்க?"

"நாலு மணிக்கு. சார்கூட. அதுக்கு முன்னாடி பத்துப் பதினஞ்சு நாளா இந்தப் பக்கமே வரலை."

"நிச்சயமா?"

"எத்தனை தடவை கேப்பீங்க ஆன்ட்டி?"

"இதுதான் கடைசி. உங்க லென்ஸைக் கொஞ்சம் குடுங்க."

டிக் என்ற சத்தம் நின்றது. அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். அவர் கையை நீட்டினார். அவன் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றிக் கொடுத்தான்.

டாக்டர் லென்ஸின் வெள்ளி மூடியை மடக்கித் தோல் துண்டின் நடுவிலிருந்த வெளிறிய திட்டின் மேல் வைத்தார். பாதாம்பருப்பு வடிவத் திட்டு மொத்தமும் மறைந்தது. கயிற்றை மெல்ல நகர்த்தி அந்தக் கோணல் கோட்டின் மேல் படுக்க வைத்தார். அதுவும் மறைந்தது. பல்லுக்கு எடுத்த அச்சு போல இம்மி பிசகவில்லை.

"சார், இது மரப்பட்டைச் சாற்றுல பதனிட்ட தோல். சாயம் போடாதது. பழைய பையோட அடிப்பாகம் கிழிஞ்சா, இதை வெட்டி எண்ணெய் தடவி நல்ல வெயில்ல வைப்போம். ஒரு காலைப்பொழுதுல நிறம் ஏறி, பழைய தோலோட சேர்ந்துடும். மேல ஏதாவது கிடந்தா அந்த இடத்துல மட்டும் ஏறாது. நேத்து எட்டரை மணிக்கு அக்கா போட்டோ எடுத்தப்ப இது மேல எதுவும் இல்லை. அப்புறம் வெயில் இருந்தவரைக்கும் இந்த லென்ஸ் இது மேலயே கிடந்திருக்கு."

"நாலு மணிக்கு உள்ள வந்ததும் பதட்டத்துல வெச்சிருப்பேன்..." மருமகனின் உதடுகள் காய்ந்திருந்தன.

"கிழக்கு ஜன்னல்ல நாலு மணிக்கு வெயில் ஏது?"

அவன் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னொண்ணு. காத்து வரட்டும்னு ஜன்னலுக்குப் போனீங்களாம். வெயில் நேரா படணும்னு அக்கா காலையிலேயே ஜன்னலைத் திறந்து வெச்சிருந்தாங்க. " டாக்டர் மேல்வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "சார், கதவைத் திறந்ததும் என்ன ஆச்சுன்னு சொன்னீங்க?"

"மூஞ்சியில காத்து அடிச்சுது," என்றார் மேல்வீட்டுக்காரர். சொல்லச் சொல்ல அவர் கண்கள் விரிந்தன. "ஆமா! ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு. இவரு எங்கிட்ட முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாரு."

"அந்த நேரத்துலதான் லென்ஸ் சட்டைக்குள்ள போச்சு. காலையில மறந்து விட்டுட்டுப் போனது. கதவு தானா பூட்டிக்கிச்சு, சாவி கிடையாது. அதை எடுக்கணும்னா யாரையாவது கூட்டிவந்து பிணத்தைக் கண்டுபிடிச்சே ஆகணும்."

"ஏன் மேடம்? எதுக்காக?" என்றார் இன்ஸ்பெக்டர்.

டாக்டர் கருஞ்சிவப்புத் துணியை விரித்துக் காட்டினார். "லைனிங் இங்க இருக்கு, பையைக் காணோம். இதோட ஓரத்துல பாருங்க, பசை. அசல் பையில இந்த இடத்தைக் கையால தைப்பாங்க. இது போலி. அக்கா பேரைச் சொல்லித் தம்பி கடையில வித்த பை. வாங்கினவங்க யாரோ ரிப்பேருக்குன்னு அக்காகிட்டயே கொண்டுவந்து குடுத்திருக்கணும். சொல்ல வேண்டிய ஆள்னு அக்கா சொன்னது இவரைத்தான்."

மருமகன் முக்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"தள்ளலை," என்றான். "சத்தியமா தள்ளலை. அசல்தான் அத்தைன்னு ஜன்னல்கிட்ட வெச்சு லென்ஸ்ல காட்டினேன். அவங்க சிரிச்சாங்க. எனக்கு அவமானமாப் போச்சு. பையைப் பிடுங்கினேன். அவங்க விடலை. கைப்பிடி அறுந்துடுச்சு. அப்படியே பின்னால போய் விழுந்தாங்க."

"மூச்சு இருந்துச்சா?" என்றார் டாக்டர்.

அவன் தரையைப் பார்த்தான். "பாக்கலை."

"முக்காலியைக் கவிழ்க்க நேரம் இருந்துச்சு. மூச்சைப் பாக்க நேரம் இல்லையா?"

டாக்டர் கருஞ்சிவப்புத் துணியை மடித்து மேஜை மேல் வைத்தார். ஜெயித்த மாதிரி எந்த உணர்வும் அவருக்கு வரவில்லை.

மகள் உள்ளே வந்தாள். நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள் கணவன் எதிரே வந்து நின்றாள்.

"அம்மா உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

"போலீசுக்குப் போகலைன்னாங்க. வாங்கினவங்களுக்கு விஷயத்தைச் சொல்லிடணும்னாங்க. அதுக்கு முன்னாடி..." அவன் நிறுத்தினான். "சாயங்காலத்துக்குள்ள நானே உங்கிட்ட சொல்லிடணும்னாங்க. அதுதான் என்னால முடியாதுன்னேன்."

"சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைச்சீங்க?" அவள் குரல் உயரவே இல்லை. "கத்தியிருப்பேன். ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்திருப்பேன். மூணாம் நாள் நானே வந்து, இப்ப என்ன செய்யலாம்னு கேட்டிருப்பேன். இவ்ளோதானே?"

மருமகன் அவள் கையைப் பிடிக்க எழுந்தான். அவள் ஓரடி பின்னால் போனாள்.

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார்.