ஆறு மூட்டைச் சிப்பி

“பதினோரு அடி!”

அடுப்படிச் சுவரிலிருந்து ஓடைக்கரை வரை கயிறு பிடித்து அளந்த பிரிசில்லா கத்தினாள். போன மழைக்கு முன் அது இருபத்திரண்டு அடி. இன்னொரு மழை இப்படியே அரித்தால் அடுப்பு தண்ணீருக்குள் போய்விடும்.

தடுக்க ஒரு வழி இருந்தது. ஓட்டல்காரர்கள் குப்பையில் கொட்டும் சிப்பி ஓடுகளை மாதக்கணக்கில் வெயிலில் காயவைத்து, வலைப்பைகளில் கட்டிக் கரையோரம் அடுக்க வேண்டும். குஞ்சுச் சிப்பிகள் அதில் ஒட்டி வளர்ந்து ஓடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அலை மண்ணைத் தொடாது. நூறு மூட்டை தேவை. சமையல்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்தது அறுபது. குஞ்சுகள் ஒட்டும் பருவம் தொடங்கப் பத்தே நாள்!

“மிச்சம் நாப்பது எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி,” என்றான் அவளுடைய பெரியப்பா மகன் தொபியாஸ். மூடிப்போன சுண்ணாம்புக் காளவாயில் லாரி ஓட்டியவன். அதன் பின்புறம் எரிக்காத சிப்பி ஆறு வருடமாக வெயிலில் குவிந்து கிடந்தது. முதலாளியும் அள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டார். பாதையைத்தான் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அலையாத்திக் காட்டு ஓடையில் படகில்தான் போகவேண்டும். சிமெண்டுப் பைத் தாளில் அவன் வழி வரைந்து நீட்டினான்.

பிரிசில்லாவின் கணவன் ரேமண்ட் விடியற்காலையில் படகை எடுத்தான். மூவரும் ஏறிக்கொண்டார்கள். வேர்களுக்கு இடையே குனிந்து, கிளைகளை விலக்கி, இருமுறை வழி தவறி, ஒருவழியாகக் காளவாயின் புகைபோக்கியைக் கண்டார்கள். அதன் பின்னால் வெள்ளை வெளேரென்று புதையல்!

“பத்து மணிக்குத் தண்ணி எறங்கிரும் மச்சான், வெரசா அள்ளு!” என்றான் ரேமண்ட்.

“இன்னும் நாலே மூட்டை!” என்றான் தொபியாஸ். புதையலைக் கண்டவனுக்கு மணி ஏது?

வலைப்பைகளில் கட்டிய நாற்பதும் ஏறின. திரும்பும் வழியில் படகு சேற்றில் தட்டி நின்றது. தள்ளிவிடக் குதித்த ரேமண்ட் இடுப்புவரை புதைந்தான். கையைப் பிடித்து இழுத்தார்கள், இன்னும் இறங்கினான்!

“சிப்பியத் தூக்கிப் போடுங்கண்ணே!” என்று கத்தினாள் பிரிசில்லா.

“ஏட்டி, வேண்டாம்! வீட்டுக்குத் தேவை!” என்று அலறினான் ரேமண்ட்.

“நீங்க இல்லாம எனக்கு என்ன வீடு?”

ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு மூட்டைகள் அவனைச் சுற்றி விழுந்தன. அவற்றின்மேல் நெஞ்சைச் சாய்த்து, ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு வந்து படகில் விழுந்தான். பிரிசில்லா அவன் சேற்றுத் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாலையில் தண்ணீர் ஏறிய பிறகே வீடு திரும்பினார்கள்.

கரையில் தொண்ணூற்று நான்கு மூட்டைகள் அடுக்கினார்கள். ஓரத்தில் ஆறு மூட்டை அகலத்துக்கு இடைவெளி. அதைப் பார்க்கும்போதெல்லாம் தொபியாஸ் தலையைச் சொறிந்தான்.

மழைக்கு ஒரு மாதம் முன்பு மூவரும் அதே சேற்றுக்குப் போனார்கள். மூட்டைகள் அங்கேயே இருந்தன. ஒவ்வொரு ஓட்டிலும் நகத்தளவு குஞ்சுச் சிப்பிகள்! ஈரச்சாக்கால் மூடி, உயிரோடு கொண்டுவந்து இடைவெளியை அடைத்தார்கள்.

மழை வந்தது, போனது. பிரிசில்லா கயிற்றைப் பிடித்தாள். பதினோரு அடி!

அன்று அவள் அறுபது மூட்டை கொடுத்த சமையல்காரர்கள் அத்தனை பேருக்கும் சிப்பி விருந்து வைத்தாள். “நீங்க எறிஞ்சதுல எங்க வீடு நிக்குது. ரொம்ப நன்றி,” என்று கைகூப்பினாள். பிறகு ரேமண்ட் பக்கம் திரும்பி, “இந்த மனுசனும் நிக்காரு,” என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் தொபியாஸ் வாசலில் ஒரு காலிச் சாக்கை விரித்துப் பிடித்தான். ஒரு ஓடுகூடக் குப்பைக்குப் போகவில்லை.