துண்டுக்குள் பிறக்காத விலை

எருமையின் விலை என்பது துண்டுக்குள் பிறந்து துண்டுக்குள்ளேயே வளர்கிற வஸ்து. அதை அறிந்துகொள்ள ஆண்மகனின் ஐந்து விரல்களைத் தவிர வேறு கருவி எதையும் ஆண்டவன் படைக்கவில்லை. இந்தச் சத்தியத்தைச் செங்கோட்டையன் ஒரு காலை வேளையில், வேப்பங்குச்சியும் வாயுமாக, வீட்டாருக்கு எடுத்துரைத்தான். அவனுக்குப் பின்னால் கட்டுத்தறியில் அந்தச் சத்தியத்துக்கு இரண்டு சாட்சிகள் நின்று சோளத்தட்டு தின்றுகொண்டிருந்தன. இரண்டும் பால் கறப்பதில்லை.

முதலாவதை வாங்க மனைவி ஆத்தாயியின் காதுக் கொப்பு போயிற்று, அடுத்ததற்கு அட்டிகை. சந்தையில் செங்கோட்டையனும் தரகன் சரவணமுத்துவும் ஒரே துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து அமுக்கி, வாய் திறக்காமல் கண்ணை உருட்டி விலை பேசிய அழகைப் பார்த்தவர்கள் ஏதோ ராஜாங்க ரகசியம் என்றே நினைத்திருப்பார்கள். விலை வெளியே தெரியவில்லை, வாஸ்தவம். ஒன்றன் மடி நாள்கணக்கில் கறக்காமல் வீங்கவிட்ட மடி என்பதும், மற்றதோடு வந்த கன்று வேறொரு எருமையினுடையது என்பதும்கூடத்தான் வெளியே தெரியவில்லை.

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். அங்கே அதிகாரிகளின் சாப்பாட்டு விடுதிக்கு ஆத்தாயி உருக்கிய நெய் போய்க்கொண்டிருந்தது. மழை பொய்த்துக் காடு காய்ந்து கிடக்க, அந்த நெய்யில்தான் குடும்பம் சோறு தின்றது. தன் மீசையைப் பார்த்துத்தான் சோறு வருகிறதென்று செங்கோட்டையன் நம்பியிருந்தான். இப்போது விடுதிக்காரர் சொல்லியனுப்பிவிட்டார்: தை பிறந்தால் இரண்டு பங்கு நெய் வேண்டும், முடியாதென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.

"ஏனுங்க மாமா... இந்தத் தடவ, கறக்கறவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வாங்கலாமுங்களா?" என்றாள் ஆத்தாயி.

"ஆருகிட்ட? பொம்பளைககிட்டயா?" அவன் கொப்பளித்துத் துப்பினான். "எருமை வெல கேக்க ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிப் பக்கம் போயிப் பொம்பளகிட்ட நிக்கறவன், மீசைய எடுத்துப்போட்டுச் சீலை கட்டிக்கோணும்!"

"அப்ப நானே சந்தைக்கு வாரனுங்க."

அடுப்படியிலிருந்து மாமியார் பெருமாயியின் குரல் பாய்ந்தது. "அடி ஆத்தே! அன்னிய ஆம்பள துண்டுக்குள்ள கைய உடறதுக்கா உன்னய எம்பையனுக்குக் கட்டி வெச்சேன்?"

ஆத்தாயி தயிர் கடையலாம், நெய் உருக்கலாம், ஊருக்கே விற்கலாம். எருமை மட்டும் வாங்க முடியாது. விரல் பிடிக்காமல் விலையில்லை, பிடித்தால் மானமில்லை.

அந்த வாரமே செங்கோட்டையன் வெண்ணந்தூரில் ஒரு விருந்துக்குப் போனான். எருமை விஷயத்தில் அவ்வூர்க்காரர்களுக்குத் தான் தீர்த்துவைக்க வேண்டிய சந்தேகங்கள் சில இருக்குமென்று அவனுக்குப் பட்டிருக்கலாம். திரும்பி வந்தபோது வாசலில் கன்றோடு புது எருமை ஒன்று நின்றது. ஆத்தாயியின் கைகளில் காப்பு இல்லை. பெருமாயி மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். தரகு போன துக்கத்தில் சரவணமுத்து முன்னமே வந்து, "துண்டு போடாம எருமை கை மாறுமுங்களா? எந்தத் துண்டோ... என்ன எழவோ!" என்று வீட்டுக்கு வேண்டிய உபகாரத்தைச் செய்துவிட்டுப் போயிருந்தான்.

"சொல்லு புள்ள! எவன் துண்டுக்குள்ள கைய உட்டே?" என்று செங்கோட்டையன் உறுமினான்.

"எந்த ஆம்பள கையும் தொடலீங்க. மேக்கால காட்டுக் கந்தம்மாக்காகிட்டத்தான் பேசி வாங்குனேன்..."

"பொம்பளயும் பொம்பளயுமா? எருமைக்கு? வெல பொறக்காம இது எப்படி வந்துச்சு, நடந்து வந்துச்சா?"

எருமை நடந்துதான் வந்திருந்தது. அதை எடுத்துச் சொல்லும் நிலையில் யாரும் இல்லை. பெண்டாட்டி கெட்டுப்போனாள் என்பதை அவனால் உடனே நம்ப முடிந்தது. இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு எருமைக்கு விலை வைத்தார்கள் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

ஆத்தாயி வெறுங்கையை நீட்டிக் காட்டினாள். "கொப்பு போச்சு... அட்டிகை போச்சு... ஏன்னு ஒருநாள் கேட்டனுங்களா? இன்னிக்கு எம்மானத்துக்கும் வெல வெக்கறீங்களே...!"

"பொறந்த ஊட்டுக்கே போயிருடி!" என்று கதறினாள் பெருமாயி.

"போறனுங்க அத்தை. எருமை எங்காப்புல வந்தது. அதும் என்னோட வரும்."

பெருமாயியின் அழுகை ஒரு மூச்சு தடைப்பட்டது.

அந்நேரத்தில் கந்தம்மாளே செம்போடு உள்ளே வந்தாள். புது இடத்தில் எருமை முதல் வேளை அன்னியக் கைக்குச் சுரக்காது. பழகிய கை வேண்டும். அதற்காக வந்தவள் கூச்சலைக் கேட்டு நின்றாள். கேட்டு முடித்ததும் செம்பைக் கீழே வைத்தாள். பெருமாயியின் கையை வெடுக்கென்று பிடித்துத் தன் முந்தானைக்குள் இழுத்தாள்.

"இப்படித்தானுங்க ஆத்தா உம்மட மருமக வெல பேசுனா. அமுக்குன அமுக்குல இன்னும் என்ற வெரலு வலிக்குது! ஏனுங்க தம்பி, தீனி போடறவ நானு, கறக்கறவ நானு. எங்கூட்டுக்காரருக்கு எது நம்ம கன்னுன்னே தெரியாது. அவரச் சந்தைக்கு ஓட்டியுட்டிருந்தா அந்தச் சரவணமுத்து பாதிய முழுங்கியிருப்பான். அதனால ஓட்டியுடல!"

பிறகு உட்கார்ந்து கறந்தாள். செம்பில் நுரை ததும்பியது. உள்ளிருந்து குண்டா எடுத்துவர வேண்டியதாயிற்று. கட்டுத்தறிச் சாட்சிகள் இரண்டும் தலை நிமிர்ந்து பார்த்தன.

"என்ற சாமி...! என்னென்னமோ பேசிப்போட்டேனே...!" பெருமாயி மருமகளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். ஆத்தாயியும் அழுதாள். அழுதுவிட்டு, மாமியாரின் தோளுக்கு மேலாகப் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:

"இனிமே எந்த எருமையா இருந்தாலும், கறக்கறவளக் கேக்காம இந்த வாசல் மிதிக்கக் கூடாதுங்க."

செங்கோட்டையன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். "ஓடு மாத்தோணுமாட்ட இருக்குது" என்றான்.

தை பிறந்தது; நெய் இரண்டு பங்காகப் போயிற்று. இன்னும் கறவை வேண்டுமென்று ஆத்தாயி சொன்ன மறுநாள், மல்லசமுத்திரத்துப் பாதையில் சரவணமுத்து துண்டை உதறிக் கூப்பிட்டான். செங்கோட்டையனுக்குக் காது கேட்கவில்லை. ஒரு தோட்டத்து வீட்டின் முன்வாசலில் வீட்டுக்காரர் தம் எருமையின் பிரதாபத்தை யாரிடமோ அளந்துகொண்டிருந்தார். அவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். துவைகல்லுக்கு இப்பால் மரியாதையான தூரத்தில் நின்று, துண்டை அக்குளில் இடுக்கி, சாணி தட்டிக்கொண்டிருந்த அம்மாளைப் பார்த்துக் கனைத்தான்.

"ஏனுங்க ஆத்தா... மெதுவாவே சொல்லுங்க... இந்த எருமை உள்ளபடிக்கி எத்தன படி கறக்குமுங்க?"